லேப்டாப்புக்கு வைத்த சந்தனப் பொட்டு

புது மெஷினுக்குப் பொட்டு வைக்காமல் அதன் சுவிட்சைப் போடும் தைரியம் எனக்கு இன்றுவரை வந்ததில்லை. ஒரு முறை அவசரத்தில் புது மிக்ஸியை அப்படியே ஓடவிட்டுவிட்டு, அன்று பூராவும் சட்னியைச் சந்தேகத்தோடு தின்றிருக்கிறேன். இது பக்தியா பயமா என்று கேட்டால் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளில் ஹெல்ப்பராக நுழைந்து, இரும்புத் தகட்டை அடிக்கும் பிரஸ் மெஷின் இரைச்சலில் நின்று பாதிக் காதைத் தொலைத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போலத்தான். மெஷினுக்கு நெற்றி உண்டு. நெற்றி இருந்தால் சந்தனம், குங்குமம் உண்டு. அதற்கு மேல் நடப்பதை வல்லக்கோட்டை முருகன் பார்த்துக்கொள்வான்.

பார்த்துக்கொண்டும்தான் வந்தான். நானாகவே அவனுக்குக் கூடுதல் வேலை வைத்த அந்த ஒரு தடவையைச் சொல்கிறேன்.

நான் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி செக்கர். காரின் சீட்டைத் தரையோடு பிடித்து வைக்கும் இரும்புத் துண்டு ஒன்று உண்டு, பிராக்கெட் என்பார்கள். எங்கள் பிரஸ்ஸில் அடிபட்டு, பளபளவென்று முலாம் பூசிக்கொண்டு அது என் மேஜைக்கு வரும். கீறல் இருக்கிறதா, பிசிறு இருக்கிறதா, துரு இருக்கிறதா என்று பார்த்து, நல்லதை இந்தப் பக்கமும் கெட்டதை அந்தப் பக்கமும் தள்ள வேண்டும். எனக்குப் படிப்பு கம்மி. பத்தாவது, அதற்கு மேல் ஒரு ஐ.டி.ஐ. ஆனால் கண் நல்ல கண். அந்தக் கண்ணுக்குத்தான் கம்பெனி இத்தனை வருஷமாக என்னைக் கட்டிக்கொண்டு மாரடித்தது.

கொரோனா வந்தது. கம்பெனிகளையெல்லாம் மூடினார்கள். எந்நேரமும் பஸ்ஸும் லாரியுமாக இருக்கும் எங்கள் ரோட்டில் நாய்கள் நடுவில் படுத்துப் புரண்டன. கொஞ்ச வாரம் கழித்து, குறைந்த ஆட்களை வைத்து நடத்தலாம் என்று அனுமதி வந்தது. நான் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸோடு தயாராக உட்கார்ந்திருந்தபோது மேனேஜர் ஜெயராஜ் சார் போன் செய்தார்.

"ஆறுமுகம், உங்களுக்கு வயசு அம்பதத் தாண்டிருச்சி. சுகர் வேற. நீங்க பிளான்ட்டுக்கு வர வேணாம். வூட்லேர்ந்தே வேலை பாருங்க."

"சார், என் வேலையே பீஸப் பாக்கறதுதான். வூட்ல பீஸு ஏது சார்?"

"பீஸு வூட்டுக்கு வரும்."

(பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்பது போலச் சொன்னார்.)

விஷயம் இதுதான். மூடுவதற்கு முன்னால் மொத்தமாக அடித்த ஒரு பெரிய லாட் பிராக்கெட், பூட்டிய ஸ்டோர்ஸுக்குள்ளேயே அத்தனை வாரம் கிடந்துவிட்டது. கார் கம்பெனிக்காரர்களுக்கு ஒரே பயம்: துரு பிடித்திருக்குமோ? நேரில் வந்து பார்க்க அவர்களுக்கும் வழியில்லை. அதனால் வீடியோவில் பார்ப்பதாக முடிவு. லாட் பாஸானால் எங்கள் உற்பத்தி லைன் மறுபடி ஓடும். துரு இருக்கிறது என்று ஆகிவிட்டால் லாட்டும் போச்சு, ஆர்டரும் வேறு கம்பெனிக்குப் போகும். முழு லாட்டையும் பார்க்க என்னை மட்டும் ஒரு வாரம் காரில் கூட்டிப்போய், ஆளில்லாத ஸ்டோர்ஸில் உட்கார வைத்தார்கள். பார்த்தேன். துரு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதிலிருந்து ஒரு பெட்டி பீஸை என் வீட்டுக்கு அனுப்பி, நான் ஒவ்வொன்றாக வீடியோவில் காட்ட, அவர்கள் அங்கிருந்து பார்ப்பார்கள் என்று ஏற்பாடு.

வேன் வந்தது. பிராக்கெட் பெட்டி ஒன்று, லேப்டாப் ஒன்று.

எங்கள் வீடு வல்லக்கோட்டைக்குப் போகிற வழியில். இரண்டு அறை. போனில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற ஒரே மூலை சாமி அலமாரிக்குக் கீழே இருந்தது. எனக்கு இது நல்ல சகுனமாகப் பட்டது. முருகன் படத்துக்கு நேர் கீழே ஸ்டூல் போட்டு லேப்டாப்பை வைத்தேன். வெள்ளிக்கிழமை காலை, நல்ல நேரம் பார்த்து, பூஜை.

என் மனைவி தேவகி தட்டில் நான்கு எலுமிச்சம்பழம் எடுத்து வந்தாள்.

"இது இன்னாத்துக்கு?"

"வண்டிக்கு வெப்பாங்களே, சக்கரத்துக்குக் கீழ."

"லேப்டாப்புக்குச் சக்கரம் ஏதுடி?"

அவள் அதைத் தூக்கி அடியில் பார்த்தாள். நான்கு மூலையிலும் கறுப்பாக நான்கு ரப்பர் பொத்தான். "தோ கீதே" என்றாள். நான்கு பழத்தையும் அடியில் வைத்து மேலே அழுத்தினேன். பழம் நசுங்கவில்லை, ஸ்டூல்தான் ஆடியது. சரி, மனசு போதும் என்று எடுத்துவிட்டோம்.

அடுத்து பொட்டு. மூடியைத் திறந்தேன். ஸ்கிரீனுக்கு மேலே, நட்டநடுவில், கடுகு அளவுக்கு ஒரு வட்டப் புள்ளி இருந்தது. எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறான் பார் என்று எனக்கு ஆச்சரியம். பொட்டு வைப்பதற்கென்றே இடம் குறித்து அனுப்பியிருக்கிறான்! சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, அந்தப் புள்ளி மறைகிற மாதிரி வட்டமாக வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்தேன். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். லட்சணமாக இருந்தது.

திங்கட்கிழமை முதல் வேலை. வீட்டில் வேலை செய்வது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் கம்பெனியில் செய்கிற மாதிரியே செய்தேன். யூனிஃபார்ம் போட்டு, கழுத்தில் அடையாள அட்டையை மாட்டி, சேஃப்டி ஷூவைக் கட்டினேன்.

"சாமி மூலையில ஷூவா?" என்று தேவகி கேட்டாள்.

"கம்பெனி ரூல்."

"இது கம்பெனியா? இது என் வூடு. கழட்டிட்டு உக்காருங்க."

கழற்றினேன். ஷூ இல்லாமல் பிராக்கெட்டைத் தொட எனக்கு என்னவோ அம்மணமாக நிற்கிற மாதிரி இருந்தது. மதியம் சங்கு ஊதாததால் பசிக்கவே இல்லை. அவள் கூப்பிட்டு, தட்டில் சோறு போட்டபோது, டிபன் பாக்ஸில் கட்டிக் கொடு என்றேன். கட்டிக் கொடுத்தாள். அதை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய், தனியாக உட்கார்ந்து தின்றேன். அப்போதுதான் சோறு இறங்கியது. (அவள் வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வையில், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாமா என்ற யோசனை இருந்தது.)

சாயந்திரம் முதல் வீடியோ மீட்டிங். ஜெயராஜ் சார் ஒரு கட்டத்தில் தெரிந்தார், இன்னும் இரண்டு மூன்று பேர் அவரவர் கட்டத்தில் தெரிந்தார்கள். என் பெயர் போட்ட கட்டம் மட்டும் இருட்டாக இருந்தது.

"ஆறுமுகம், கேமராவ ஆன் பண்ணுங்க."

"ஆன்லதான் சார் கீது."

"அப்ப ஏன் இருட்டா கீறீங்க?"

"நான் கொஞ்சம் கறுப்பு சார்."

"அவ்ளோ கறுப்பு இல்ல நீங்க. லைட்டப் போடுங்க."

போட்டேன். டார்ச்சை முகத்துக்கு அடித்தேன். தேவகி குத்துவிளக்கை ஏற்றிப் பக்கத்தில் வைத்தாள். கட்டம் அசையவில்லை. அன்று ராத்திரி மணிமங்கலத்தில் கட்டிக் கொடுத்திருக்கும் என் மகள் பவித்ராவுக்குப் போன் செய்தேன். அவள் காலேஜ் படித்தவள்.

"ப்பா, கேமராவத் தொடச்சிப் பாத்தியா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டாள்.

"கேமரா எங்கம்மா இருக்கும்?"

"அதுலயேதான்பா இருக்கும். வட்டமா."

இந்த இடத்தில் என் அறிவைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்குத் தெரிந்த கேமரா எல்லாம் போனில் உள்ளது. போனில் அது முதுகுப் பக்கம்தான் இருக்கும். எனவே லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தேன். மூடியின் முதுகில், நடுவில், பளபளவென்று ஒரு வட்டம். (செய்த கம்பெனியின் முத்திரை அது.) பனியன் துணியை நனைத்து அதை அழுத்தி அழுத்தித் துடைத்தேன். அதற்குப் பிறகும் தினமும் காலையில், தூங்கி எழுந்தவுடன், முத்திரையைத் துடைப்பது என் வழக்கமானது. அது வைரம் போல மின்னியது.

முருகன் கைவிடவில்லை. லேப்டாப் சூட்டில் சந்தனம் காய்ந்து, நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, வில்லையாக உதிர்ந்து கீழே விழுந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. கட்டத்தில் திடீரென்று நான் தெரிந்தேன். கொஞ்சம் புகை படிந்த மாதிரி இருந்தாலும் நான்தான்.

"ஆ! வந்துட்டாரு" என்றார் ஜெயராஜ் சார். "பொட்டும் கிட்டுமா ஜம்முனு கீறீங்க."

சந்தனம் விழுந்தாலும் குங்குமமும் சந்தனமும் கலந்த பழுப்புக் கறை அந்தக் கேமராக் கண்ணின் நடுவில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. அது என் படத்தில் சரியாக நெற்றிக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது. நானோ தினமும் நெற்றிக்குச் சந்தனம் குங்குமம் இட்டுக்கொள்கிறவன். எனவே பார்த்தவர்கள் யாருக்கும், முக்கியமாக எனக்கு, சந்தேகமே வரவில்லை. என் பொட்டு ஸ்கிரீனில் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது என்று மட்டும் நினைத்தேன். அதில் பெருமையும் பட்டேன்.

கார் கம்பெனிக்காரர்கள் பீஸைப் பார்க்கப் போகிற நாளுக்கு முந்தின சாயந்திரம் மாரியப்பன் போன் செய்தான். எங்கள் லைனில் பிரஸ் ஓட்டுகிறவன், கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். ஒரகடத்தில் ஒரு அறை எடுத்துப் பெண்டாட்டி, கைக்குழந்தையோடு இருந்தான்.

"அண்ணாச்சி, ஊருக்குப் போறதுக்கு நாளைக்கு ஒரு வண்டி இருக்குன்னு சொல்லுதாங்க. ஏறிட்டம்னா திரும்பி வார சோலி இல்ல. வேலையும் போயிரும். லாட்டு பாஸாயிருமா? நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா நா இருந்துக்கிடுவேன்."

"ஒரு பீஸ்ல கூட துரு இல்லடா. என் கண்ணால பாத்தேன். இரு."

"அப்பம் சரி அண்ணாச்சி. வண்டி வேண்டாம்னு சொல்லிருதேன்."

போனை வைத்த பிறகு அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று எனக்கே உறைத்தது. முருகனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலை. ஒரு கட்டத்தில் ஜெயராஜ் சார், இஸ்திரி போட்ட சட்டையோடு. இன்னொன்றில் கார் கம்பெனி குவாலிட்டி மேடம். கண்ணாடி போட்டவர், முகத்தில் சிரிப்பு இல்லாதவர். மூன்றாவதில் நான்.

"மிஸ்டர் ஆறுமுகம், ஃபர்ஸ்ட் பீஸ் காட்டுங்க."

எடுத்தேன். கேமரா முதுகுப் பக்கம் இருக்கிறது என்றுதான் இன்னும் என் எண்ணம். ஆனாலும் ஸ்கிரீனைப் பார்த்துப் பிடித்தால் தெரிகிறது என்பதை அதற்குள் பழகியிருந்தேன். முகத்துக்கு முன்னால் பிராக்கெட்டைப் பிடித்தேன்.

மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "சென்டர்ல பிரவுனா இருக்கே. துருவா?"

ஸ்கிரீனைப் பார்த்தேன். ஆமாம். பிராக்கெட்டின் நட்டநடுவில், பழுப்பாக, அசல் துரு. கையில் இருந்த பீஸைப் பார்த்தேன். சுத்தம்.

"அடுத்த பீஸ்."

அடுத்த பீஸிலும் துரு. அதற்கு அடுத்ததிலும். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில், அச்சு அடித்த மாதிரி. ஆறாவது பீஸைக் காட்டி முடித்தபோது ஜெயராஜ் சாரின் முகம் அந்தச் சட்டையைவிட வெளுத்திருந்தது.

"ஜெயராஜ், இது முழு லாட்டும் நூறு பர்சன்ட் செக் பண்ணதுன்னு சொன்னீங்களே?" என்றார் மேடம்.

"பண்ணினோம் மேடம். ஆறுமுகம்தான் பண்ணாரு. எங்களுக்கு அவரு கண்ணு மேல..." என்று இழுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"அந்த ஆறையும் தனியா வைங்க. அஞ்சு நிமிஷம் டைம். நான் என் மேலிடத்துல பேசணும்."

ஆறையும் கீழே தரையில் வைத்தேன். பீஸைப் பார்த்தால் சுத்தம், ஸ்கிரீனைப் பார்த்தால் துரு. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. எது? ஒரு பக்கம் கம்பெனி கொடுத்த விலை உயர்ந்த லேப்டாப். இன்னொரு பக்கம் சர்க்கரை வந்த கண். டாக்டர் சொல்லியிருந்தார்: சர்க்கரையைக் கவனிக்காவிட்டால் முதலில் கண்ணைத்தான் தொடும் என்று. தொட்டுவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த லாட் முழுவதையும் நான் குருடனாகத்தான் பார்த்திருக்கிறேன். ஊர் வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாரியப்பன் அங்கே உட்கார்ந்திருக்கிறான்.

இதற்கிடையில் என் முழங்காலுக்குப் பக்கத்தில் ஏதோ ஊர்ந்தது. தேவகி. வீடியோவில் விழுந்துவிடக் கூடாது என்று தவழ்ந்து வந்து, ஆறு பீஸையும் முந்தானையில் அள்ளிக்கொண்டு, தவழ்ந்தே திரும்பிப் போனாள். துரு என்ற சொல் அவள் காதில் விழுந்திருந்தது. அடுப்படியில் புளியை ஊற வைத்து, பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்து, பித்தளை விளக்கு தேய்க்கிற மாதிரி தேய்க்கும் சத்தம் கேட்டது. தடுக்க எனக்குத் தெம்பில்லை.

மேடம் திரும்பி வந்தார். "மிஸ்டர் ஆறுமுகம், நீங்க ஏதாவது சொல்லணுமா?"

முருகன் படத்தைப் பார்த்தேன். அவன் எப்போதும் போல வேலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மேடம்," என்றேன், "கம்பெனி மேல தப்பு இல்ல. எனக்குச் சர்க்கர. கண்ணு போயிருக்குன்னு நினைக்கிறேன். இப்பக்கூட அந்தத் துரு எனக்குப் பீஸ்ல தெரியல மேடம். ஸ்கிரீன்லதான் தெரியுது. நான் பாத்து அனுப்பிச்ச எதையும் நம்பாதீங்க. வேற கண்ணு நல்லா கீறவங்கள வச்சி இன்னொரு தபா பாக்கச் சொல்லுங்க. லைனை மட்டும் நிறுத்திடாதீங்க. என் பேச்ச நம்பி ஊருக்குப் போவாம ஒருத்தன் ஒக்காந்துகினு கீறான்."

ஜெயராஜ் சார் தலையைக் குனிந்துகொண்டார். பத்தொன்பது வயதில் ஹெல்ப்பராக நுழைந்த வேலை, சாமி அலமாரிக்குக் கீழே இப்படி முடிகிறது என்று எனக்குத் தோன்றியது. அழுகை வரவில்லை. அடையாள அட்டையைக் கழற்றி ஸ்டூல் மேல் வைத்தேன்.

அடுப்படியில் தேய்க்கிற சத்தம் நின்றது.

"யாருக்குக் கண்ணு போச்சி?"

புளித்தண்ணீர் சொட்டுகிற கையோடு தேவகி வந்து நின்றாள். வீடியோவில் விழக் கூடாது என்பதெல்லாம் மறந்துபோயிருந்தது. என்னைத் தோளால் தள்ளிவிட்டு, லேப்டாப்புக்கு முன்னால் குனிந்தாள்.

"மேடம், வணக்கங்க. இவரு பொய்யி சொல்றாரு. நேத்து ராத்திரி கரெண்டு கூட இல்ல. சாம்பார்ல கெடந்த முடிய அங்க கடைசிலேர்ந்து பாத்துட்டு எழுந்து போனாருங்க. நான் வெச்ச கோலத்துல ஒரு புள்ளி தள்ளியிருந்தா ரோட்லேர்ந்து கத்துவாரு. இருபத்தஞ்சி வருசமா இந்தக் கண்ணால நான் பட்ட பாடு எனக்குத்தாங்க தெரியும். இவருக்கா கண்ணு தெரியல?"

"அம்மா, நீங்க யாரு?" என்றார் மேடம்.

"இவரு வூட்டுக்காரிங்க." சொல்லிக்கொண்டே, ஸ்கிரீனில் தன் படத்தைப் பார்த்துவிட்டாள். கன்னத்தைத் தொட்டாள். "இன்னாது இது? என் மூஞ்சியில இன்னா கறை?"

முந்தானையால் கன்னத்தைத் துடைத்தாள். போகவில்லை. மறுபடி துடைத்தாள். பிறகு, கடையில் கண்ணாடி வாங்கும்போது செய்வது போல, தலையை மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்தாள். கறை கன்னத்திலிருந்து மூக்குக்கு வந்தது. மூக்கிலிருந்து அடுத்த கன்னத்துக்குப் போனது.

"இன்னாங்க, நான் நவுர்றேன், இது அங்கியே கீது."

"உனக்கும் துரு பிடிச்சிருக்கு" என்றேன். (அந்த நேரத்தில் என் அறிவு அந்த அளவில்தான் இருந்தது.)

அவள் ஸ்கிரீனை விட்டுவிட்டு, அதற்கு மேலே பார்த்தாள். கிட்டே போய்ப் பார்த்தாள்.

"இது நீங்க வெள்ளிக்கெழம பொட்டு வெச்ச எடமில்ல?"

ஸ்கூலுக்குக் கிளம்புகிற குழந்தையின் முகத்தில் ஒட்டிய சோற்றைத் துடைப்பது போல, கட்டை விரலை நாக்கில் தொட்டு, அந்தப் புள்ளியின் மேல் வைத்து ஒரு தேய் தேய்த்தாள். அவள் கட்டை விரல் ரேகை, புளிச் சாறோடு, மூன்று பேர் ஸ்கிரீனையும் முழுதாக நிறைத்தது. விரலை எடுத்தாள்.

பளிச்சென்று எல்லாம் தெரிந்தது. வாயைத் திறந்துகொண்டு நிற்கிற நான். எனக்குப் பின்னால் முருகன். அலமாரிக்கு அடியில் பிராக்கெட் பெட்டி. அதற்குப் பக்கத்தில் நேற்றைய ரசச் சட்டி, ஒரு பிராக்கெட்டின் மேல். (சூட்டுச் சட்டி வைக்க அது அவ்வளவு தோதாக இருந்ததாம்.)

"பெட்டிலேர்ந்து ஒரு பீஸ் எடுத்துக் காட்டுங்க" என்றார் மேடம், மெதுவாக.

காட்டினேன். வெள்ளி மாதிரி இருந்தது. இன்னொன்று. அதுவும்.

"பழைய அந்த ஆறு பீஸ்?"

தேவகி ஓடிப் போய்க் கொண்டுவந்து காட்டினாள். ஆறும் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தன.

"இது ஏன் இவ்ளோ டல்லா இருக்கு?"

"புளி போட்டுத் தேச்சேங்க."

"புளி."

"கொஞ்சம் உப்பும் போட்டேங்க. கறை நல்லா போவும்."

மேடத்தின் கட்டத்தில் சத்தம் நின்றுவிட்டது. நெட்வொர்க் போய்விட்டதோ என்று நான் பயந்தேன். ஆனால் படம் இருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு, ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார். தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்துச் சத்தம் வந்தது.

"ஜெயராஜ், அந்த ஆறு பீஸை ரிஜெக்ட்ல போட்டுருங்க. லாட் ஓகே. லைன் ஸ்டார்ட் பண்ணுங்க." பிறகு, "மிஸ்டர் ஆறுமுகம், அந்த அட்டையை எடுத்து மாட்டிக்குங்க" என்றார்.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு புகார் வந்துவிட்டால், அது பொய்ப் புகாரே ஆனாலும், ஏன் வந்தது என்று ஐந்து தடவை ஏன், ஏன் என்று கேட்டு வேரைப் பிடிக்க வேண்டும். பிடித்ததை எழுதி அனுப்ப வேண்டும். மறுநாள் ஜெயராஜ் சார் போன் செய்தார்.

"ஏன் துரு தெரிஞ்சிது?"

"கேமராவுல கறை சார்."

"ஏன் கறை?"

"பொட்டு வெச்சேன் சார்."

"ஏன் பொட்டு வெச்சீங்க?"

"புது மெஷினு சார்."

"ஏன் கேமரா மேல வெச்சீங்க?"

"நெத்தின்னு நெனச்சேன் சார்."

"லேப்டாப்புக்கு நெத்தி இருக்குன்னு ஏன் நெனச்சீங்க?"

"அதுக்கு மேல முருகனத்தான் சார் கேக்கணும்."

"அத நான் இங்கிலீஷ்ல எப்படி எழுதறது?" என்று புலம்பிவிட்டு வைத்தார். அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். எப்படியோ எழுதி அனுப்பினார். என்ன எழுதினார் என்று இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. ஆனால் திருத்த நடவடிக்கை என்று ஒன்று போட வேண்டுமே, அது மட்டும் எல்லோருக்கும் தெரியும். காரணம், அது பிளான்ட் சுவரில் தொங்குகிறது. இரண்டு போட்டோ. ஒன்றில், மூடியின் முதுகில் பொட்டு வைத்த லேப்டாப், பச்சை டிக்கோடு. இன்னொன்றில், கேமரா மேல் பொட்டு வைத்த லேப்டாப், சிவப்புப் பெருக்கல் குறியோடு. ஆயுத பூஜை வந்தால் ஜெயராஜ் சார் அதன் முன்னால் நின்றுகொண்டு எல்லோருக்கும் அறிவிப்பார்: "சென்சார் மேல, கேமரா மேல, கண்ணு மாதிரி எது இருந்தாலும் அது மேல பொட்டு வெக்காதீங்க. சந்தேகம் இருந்தா ஆறுமுகத்தக் கேளுங்க."

லைன் ஓடியது. மாரியப்பன் ஊருக்குப் போகவில்லை. அவன் குழந்தை இப்போது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது. கோயில் திறந்ததும் முதல் வேலையாக வல்லக்கோட்டைக்குப் போய் எனக்கு மொட்டை போட்டார்கள். அடுப்படியில் புளி தேய்த்துக்கொண்டே தேவகி வேண்டிக்கொண்டாளாம், என் தலையை. அவள் தலையை வேண்டிக்கொண்டிருக்கலாமே என்று கேட்டேன். "கண்ணு யாருதோ, தலையும் அவரோடது" என்று சொல்லிவிட்டாள்.

சட்டிக்கு அடியில் இருந்த அந்த ஒரு பிராக்கெட் கம்பெனிக்குத் திரும்பவில்லை. எங்கள் அடுப்படியில் இன்னும் ரசச் சட்டியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நாளிலிருந்து சாப்பாட்டில் நான் ஒரு குறையும் சொல்ல முடிவதில்லை. உப்பு கொஞ்சம் தூக்கல் என்று வாயெடுத்தால் தேவகி கட்டை விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்த்து வருகிறாள். பவித்ரா வந்திருந்தால் அவளும் சேர்ந்துகொள்வாள்.

எல்லாம் சரியான பிறகு ஒரு நாள் அந்த மேடம் நேரிலேயே பிளான்ட்டுக்கு வந்தார். என் மேஜைக்கு முன்னால் நின்றார். முதல் தடவையாகக் கட்டம் இல்லாமல் அவரைப் பார்த்தேன். முகத்தில் சிரிப்பு இல்லை. நான் பயந்துகொண்டே ஒரு பிராக்கெட்டை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். துப்பட்டாவால் இரண்டு பக்கமும் நிதானமாகத் துடைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு தடவை பார்த்தார். திரும்ப மாட்டிக்கொண்டார்.

"இப்ப காட்டுங்க, மிஸ்டர் ஆறுமுகம்" என்றார்.